கடதாசிப் பொம்மைக்கு ஒரு கதிரை

கனடாவில் இருக்கும் தங்கச்சியின் மகள், பள்ளிக்கூடச் செயற்திட்டத்துக்காக ஒரு கடதாசிப் பொம்மை அனுப்பியிருக்கிறாள். சொந்தக்காரர் ஒவ்வொருவரோடும் அதை வைத்துப் படம் எடுத்து அனுப்பவேண்டுமாம்.

இன்று காலை மண்கும்பான் கடற்கரையில் என்னோடு ஒரு படம். பிறகு குசினியில் அண்ணியோடு ஒன்று.

மிஞ்சியவர் அவளுடைய பெரிய மாமா, என் அண்ணை. தொண்ணூறாம் ஆண்டு, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னும் விசாரித்து முடியவில்லைப்போல.

சுவரில் அவருடைய படம் இருக்கிறது. அதற்கு நாங்கள் மாலை போட்டதில்லை. அண்ணி பொட்டை அழித்ததும் இல்லை. அந்தப் படத்தோடு பொம்மையைச் சாத்தி எடுக்கப் போனேன். அண்ணி ஓடிவந்து கையைப் பிடித்தா.

"படத்தோட வைக்காதையும் தம்பி. செத்த ஆக்களைத்தான் அப்பிடிக் காட்டுறது."

"அப்ப என்ன செய்யிறது அண்ணி?"

"அவரின்ரை கதிரையில இருத்தும். ஆள் வெளியில போயிட்டார் எண்டு பிள்ளைக்குச் சொல்லும்."

வெறுங்கதிரையில் பொம்மையை இருத்தி எடுத்து அனுப்பினேன்.

சற்றுமுன் பிள்ளையின் குரல்பதிவு வந்தது.

"பெரிய மாமா வந்த உடன திருப்பி எடுத்து அனுப்புங்கோ மாமா. வெள்ளிக்கிழமை ரீச்சரிட்டக் குடுக்கவேணும்."

அண்ணி அதை இரண்டாம் தரமும் போடச் சொல்லிக் கேட்டா. பிறகு கதிரையைத் துடைக்கத் தொடங்கினா.

நாங்கள் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. எங்கேயும் ஒருவரும் ஒரு தவணை சொன்னதில்லை. முதன்முதலாக இந்த எட்டு வயதுப் பிள்ளைதான் ஒரு தவணை வைத்திருக்கிறது.

அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் யாராவது இதை வாசித்தால், வெள்ளிக்கிழமைக்குள் கீழே பதில் போடவும்.