மகள் வீட்டுச் சாமான்

வீடு மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். சொந்த வண்டி, ஓட்டுவதும் தூக்குவதும் அவரே. எவ்வளவு பெரிய வீடானாலும் பொழுது சாய்வதற்குள் துடைத்து எடுத்துவிடுவார். சாமான்களைப் பார்த்து மலைத்து உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர்களிடம், "மொத்தத்தையும் பாக்காதீங்க. கைக்கு எட்டுற டம்ளரை எடுத்துப் பெட்டியில போடுங்க, மீதி தானா நடக்கும்" என்பார்.

அப்படிப்பட்டவர் பெற்ற மகள் விஷயத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கல்யாணமான வருஷமே அவள் போனில் அழுதாள். "அடிக்கிறாருப்பா. வந்து கூட்டிட்டுப் போங்க."

"ஒரு குழந்தை பிறந்தா சரியாயிடும்மா. பொறுத்துக்கோ."

குழந்தை பிறந்தது. அடி நிற்கவில்லை. மழை விடட்டும் என்றார். பேத்தியின் பள்ளிக்கூட வருஷம் முடியட்டும் என்றார்.

"நாளைக்கு நாளைக்குன்னு தள்ளுறீங்க. அந்த நாளைக்கு வரும்போது பொண்ணு இருக்கணுமே" என்றாள் மனைவி.

அவர் கல்மனசுக்காரர் அல்ல. கூட்டி வந்தால் எங்கே வைப்பது, சம்பந்தி என்ன பேசுவார், வழக்கு என்று வந்தால் யாரைப் பிடிப்பது என்று எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். உடனே வண்டியை எடுத்துக்கொண்டு வேறு யாருடைய வீட்டையாவது காலி செய்யப் போய்விடுவார்.

ஒருநாள் அந்தப் பக்கம் சவாரி போனவர் மகள் வீட்டில் எட்டிப் பார்த்தார். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் நின்று இரண்டு முறை கூப்பிட்டார். அவள் திரும்பவே இல்லை. தோளைத் தொட்டதும் தூக்கிவாரிப் போட்டுத் தலையைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் வந்து பேசுங்கப்பா. அந்தக் காது போயிடுச்சு."

"எப்பம்மா?"

"கடைசியா பொறுத்துக்கோன்னு சொன்னீங்களே, அதுக்கு அடுத்த வாரம்."

அதற்குப் பிறகும் அவர் தேநீர் குடித்துவிட்டுத் தனியாகத்தான் திரும்பினார். வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். மறுநாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பும்போது அவள் வண்டியில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் இறங்க மாட்டேன். நீங்க எங்க வேணும்னாலும் ஓட்டுங்க."

தெருமுனை வரை ஓட்டினார். சாமான் ஏற்றக் காத்திருந்தவருக்குப் போன் போட்டு வரமுடியாது என்றார். பிறகு மகள் வீட்டுப் பக்கம் திருப்பினார்.

மருமகன் கூடத்தில் இருந்தான். கத்துவான் என்று நினைத்தார். அவனோ தேன் ஒழுகப் பேசினான். "எதுக்கு மாமா அவசரம்? அடுத்த வாரம் பெரியவங்களை வச்சுப் பேசித் தீத்துக்கலாமே."

அடுத்த வாரம். அந்த வார்த்தை அவருக்கு எவ்வளவு இதமாக இருந்தது! சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டார். மகள் கதவோரம் நின்று அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கொடியில் காய்ந்த பேத்தியின் கவுனை உருவி மடித்தார். அப்புறம் இன்னொன்று. பிறகு கை நிற்கவில்லை. மருமகன் போட்ட கூச்சலில் அக்கம்பக்கமே கூடிவிட்டது. அவர் பீரோவைத் தனியாக முதுகில் ஏற்றி இறங்கினார்.

வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. சம்பந்தி பேசாத பேச்சில்லை. ஆஸ்பத்திரியில், அப்போதே கொண்டுவந்திருந்தால் காதைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள். மகள் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போகிறாள். அம்மாவிடம் பேசுவாள், அவரிடம் கேட்டதற்கு மட்டும் பதில். சாப்பிட உட்காரும்போது கேட்காத காது அவர் பக்கம் இருக்கும்படி உட்காருவாள். தற்செயலா, வேண்டுமென்றேவா? அவருக்குத் தெரியாது.

பல மாதம் அப்படியே போனது. ஒரு மத்தியானம் அவர் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, சுற்றிப் போய் அவளுடைய வலப்பக்கம் உட்கார்ந்தார்.

"தப்புப் பண்ணிட்டேம்மா."

அவள் நகர்ந்து உட்காரவில்லை. எழுந்து போகவும் இல்லை.