வேனில் ஏறாத வேன் அக்கா

ஷூ லேஸை இறுக்கும்போதே வேன் அக்கா யாரையாவது திட்டத் தொடங்கிவிடுவார். குனிந்தபடி, மூச்சுக்கு நடுவே, தரையைப் பார்த்துத் திட்டுவார். முடிச்சு விழுந்ததும் நிமிர்ந்து, கணவருடைய பழைய முழுக்கைச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டு, வாசல் கேட்டைப் படாரென்று சாத்திவிட்டு ஓட ஆரம்பிப்பார். விடிந்தும் விடியாத அந்த நேரத்தில், பக்கத்து வீட்டு மாடியில் பல் துலக்கிக்கொண்டிருக்கும் நான் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு யாரு, அக்கா?" என்பேன்.

"பள்ளிக்கூட வாசல்ல காரைக் குறுக்க நிறுத்திட்டு போன்ல பேசுறாரே, அந்த மனுஷன். ரெண்டு ரவுண்டுக்குத் தாங்குவார்."

கோபம் இருந்தால்தான் தனக்குக் கால் நகரும் என்பது அவருடைய கட்சி. சின்னக் கோபம் என்றால் பூங்காவரை. பெரிய கோபம் என்றால் பாலத்தையும் தாண்டிப் போய்வருவார். கோபப்பட ஆளே கிடைக்காத ஒரு நாளில், எரியாத தெருவிளக்கைத் திட்டிக்கொண்டே ஓடியதையும் கேட்டிருக்கிறேன்.

தொழில், பள்ளி வேன் ஓட்டுவது. ஐம்பதைத் தொடப்போகிற வயது. குள்ளமான, அகலமான உடம்பு. இருக்கையில் ஒரு தலையணையைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தால்தான் முன்கண்ணாடியில் ரோடு தெரியும். குழந்தைகளுக்கும் அவர் வேன் அக்கா, குழந்தைகளின் அப்பா அம்மாவுக்கும் வேன் அக்கா. வீடு தேடி வருகிறவர்களிடம் அவருடைய கணவரே, "வேன் அக்கா இப்ப வந்துடுவாங்க, உக்காருங்க," என்பார்.

ஹாரன் அடிக்க மாட்டார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கதவையே பார்ப்பார். ஹாரனைவிட அந்தப் பார்வைக்குத்தான் பயம் அதிகம். ஒரு காலில் மட்டும் சாக்ஸ் மாட்டிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் தகப்பனிடம், "புள்ள எப்பவோ ரெடி சார். நீங்கதான் இன்னும் எழுந்திருக்கல," என்பார். முன் சீட்டுக்கு இரண்டு பேர் சண்டை போட்டால் இரண்டு பேருக்கும் கிடையாது. அது காலியாகவே பள்ளிக்கூடம் போகும். வாந்தி வரும் குழந்தைக்கு ஜன்னலோரம். அதில் மேல்முறையீடே இல்லை. "நியாயம்னா நியாயம், அவ்வளவுதான்."

ஓட்டம் வந்தது கொழுந்தனால். உட்கார்ந்து உட்கார்ந்தே ஓட்டியதில் முட்டி பிடித்துக்கொண்டது. டாக்டர் நடக்கச் சொன்னார், நடந்தார். குடும்பம் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில், "ஓடித்தான் பாத்தா என்ன?" என்று வாயைத் திறந்தார். கொழுந்தனுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. "அண்ணி, நீங்க ஓடுனா ரோடு தாங்குமா?"

மேசையே சிரித்தது. கணவர் மட்டும் சிரிக்கவில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை.

"அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு," என்று பிறகு என்னிடம் சொன்னார். "சிரிச்சவன் சிரிச்சுட்டுப் போறான். இந்த மனுஷன் தட்டையே பாத்துட்டு உக்காந்திருக்கார். தட்டுல என்ன சினிமாவா ஓடுது?"

மறுநாள் விடியலில்தான் கேட் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன். அன்றைக்குத் தெருமுனை மருந்துக் கடையை எட்டுவதற்குள் மூச்சு முட்டி, மூடிய ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பால் வாங்கப் போனவர்கள் நெஞ்சுவலி என்று நினைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடப் பார்த்தார்கள். அவர்களுக்கும் திட்டு விழுந்தது. அடுத்த சில மாதங்களில் மருந்துக் கடை பூங்காவாயிற்று, பூங்கா பாலமாயிற்று. அப்புறம் ஒரு நாள், நகரத்தில் நடக்கும் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றார். இருபத்தோரு கிலோமீட்டர்.

"பாதிக்கே இவ்வளவு தூரம்னா, முழுசு ஓடுறவன்லாம் மனுஷனா?" என்று அதற்கும் கோபம்.

பந்தயச் சுவரொட்டியை நானும் படித்திருக்கிறேன். "மெதுவாக ஓடுபவர்களையும் வரவேற்கிறோம், முடிவுக்கோடு பத்து மணிவரை திறந்திருக்கும்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை நம்பித்தான், அன்று காலை அவருடைய செருப்பையும் துண்டையும் வைத்துக்கொண்டு, நானும் அவர் கணவரும் முடிவுக்கோட்டில் காத்திருந்தோம்.

வழியில் நடந்ததை அவர் பிறகு சொன்னார். பாதித் தூரம்வரை ஒரு குறையுமில்லை. திரும்பி வரும்போது தண்ணீர் மேசைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். ரோடெல்லாம் மிதிபட்ட காகிதக் கோப்பைகள். தொப்பி போட்ட ஓர் ஆள் கேன்களைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டே, "தண்ணி தீந்துபோச்சும்மா," என்றாராம்.

"கேன் குலுங்குற சத்தம் எனக்குக் கேக்குது. இறக்குங்க."

இறக்கினார். அக்கா கேனோடு தூக்கிக் குடித்தார்.

கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து ஒரு வேன் ஊர்ந்து வந்தது. பின்தங்கியவர்களை அள்ளிக்கொண்டு போக அமைப்பாளர்கள் அனுப்பியது. "ஏறிக்கோங்கம்மா, ரோட்டைத் திறக்கணும்," என்றார் ஓட்டுநர்.

"பத்து மணி வரைக்கும்னுதானே போட்டிருக்கீங்க? இப்ப மணி ஒன்பதுகூட ஆகலையே."

"சிறப்பு விருந்தினர் சீக்கிரம் கிளம்பணுமாம். எனக்கு என்னம்மா தெரியும், ஏறுங்க."

"நான் ஏத்துறவ. ஏறுறவ இல்ல."

வேன் போகவில்லை. குதிகாலை உரசுகிற மாதிரி பின்னாலேயே வந்தது. அக்கா திரும்பாமலே கத்தினார்: "கிளட்ச்ல கால வெச்சு அரைச்சுட்டே வர்றீங்களே, வண்டி உங்களதா, ஓனரதா? கருகுற நாத்தம் மூக்கைத் துளைக்குது. தள்ளி வாங்க!"

ஓட்டுநர் அடங்கிப் பின்வாங்கினார். அப்போதுதான் அக்கா வண்டிக்குள் பார்த்தார். தனக்குப் பின்னால் ஓடி வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் உள்ளே இருந்தார்கள். ஒரு பெண் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஏற மாட்டேன் என்று மறுத்தவர் ஒருவர்தான். முட்டிக்கு பெல்ட் போட்ட, ஒல்லியான, உயரமான மனிதர். வெகு தூரத்தில் விந்தி விந்தி வந்துகொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்ததும் வந்துச்சு பாருங்க ஒரு கோபம்," என்றார் அக்கா. "கடைசிவரைக்கும் அதுதான் இழுத்துட்டு வந்துச்சு."

இங்கே முடிவுக்கோட்டில் எனக்கு வந்த கோபமும் கொஞ்சமல்ல. மேடையில் சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து, "இங்கே தோற்றவர் என்று யாருமே இல்லை, ஓடிய ஒவ்வொருவரும் வெற்றியாளரே," என்று முழங்கிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர், காற்றடைத்த வரவேற்பு வளைவின் மேல் படுத்துப் புரண்டு காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். முடிவுக்கோடாக ரோட்டில் விரித்திருந்த, மிதித்ததும் ஓடி வந்தவரின் நேரத்தைப் பதிக்கும் பாயையும் சுருட்டியாயிற்று. "இன்னும் ஆள் வரணுங்க," என்று நான் போய்ச் சொன்னதற்கு, கையில் வாக்கிடாக்கி வைத்திருந்த அமைப்பாளர், "மேல சொல்லிட்டாங்க சார்," என்று வானத்தைக் காட்டினார். அவர்களே வைத்த நேரம், அவர்களே போட்ட கோடு. அதைச் சுருட்டி லாரியில் ஏற்றத் தயாராகும்போது ஒருவர் முகத்திலும் கூச்சம் இல்லை.

அந்த நேரத்தில்தான் வேன் அக்கா வந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் செக்கச் சிவந்திருந்தது. வளைவு இருந்த இடத்தில் வெறும் ரோடு. நின்றார்.

"கோடு எங்கே?"

"முடிஞ்சுதும்மா. மெடல் தீந்துபோச்சு, வீட்டுக்கு அனுப்பி வைக்கிறோம்."

"மெடல நான் கேக்கல. கோடு எங்கே?"

அமைப்பாளர் ரோட்டை இப்படியும் அப்படியும் பார்த்தார். "இங்கதான் எங்கேயோ இருந்துச்சு."

சுருட்டிய பாயைத் தூக்க இரண்டு பேர் குனிந்தார்கள். அக்கா விறுவிறுவென்று போய் அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். "பத்து மணி அடிக்கட்டும். பின்னால ஒருத்தர் முட்டியில பெல்ட்டோட வந்துட்டு இருக்கார். அவர் வராம இது எங்கேயும் போகாது."

அமைப்பாளர் அக்காவின் கணவரிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "சார், நீங்களாவது கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவங்க சொல்றதுல என்ன தப்பு?" என்றார். பிறகு பாயின் மறுமுனையில் போய், துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

விருந்தினரின் கார் கிளம்பிப் போயிற்று. மேடையில் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள். ரோட்டின் வளைவில் அந்த ஒல்லி மனிதர் தெரிந்தார்.

"வர்றார், வர்றார்! பாயை விரிங்க!" என்று அக்கா எழுந்தார். ஓடி வந்த உடம்பு உட்கார்ந்து இறுகிப்போயிருந்தது. எழுந்த வேகத்தில் கெண்டைக்கால் பிடித்து இழுக்க, அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். நானும் கணவரும் பாயின் கட்டை அவிழ்க்கத் தடுமாறிக்கொண்டிருந்தோம். அதற்குள் அந்த மனிதர் வந்துவிட்டார். வளைவும் இல்லை, கோடும் இல்லை. எங்கே நிற்பது என்று தெரியாமல் திகைத்து, எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, பிடித்துக்கொண்ட காலை ரோட்டின் குறுக்கே நீட்டினார்.

"இதுதான் கோடு. தாண்டுங்க."

"உங்க கால எப்படிம்மா..."

"தாண்டுங்க சார்! இன்னும் பத்தாகல!"

அவர் பெல்ட் போட்ட காலை மெல்லத் தூக்கி இந்தப் பக்கம் வைத்தார். பிறகு மறு காலையும். இரண்டாவது காலும் தரையில் ஊன்றிய பிறகுதான், வேன் அக்கா கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அய்யோ அம்மா!" என்று அலறினார்.