பாதியில் தொடங்கிய பாட்டு

காதல் தோல்விப் பாட்டில் கவிதை இருக்கிறதா, இல்லையா? போன ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில் ஒரு வாசகர் வட்டத்தில் இதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நாற்காலிகள் நிறைய. ஆட்கள் கொஞ்சம். அதனால் என்ன?

நான் பத்தாவதைத் தாண்டாதவன். ஆனால் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் இத்தனை வருஷமாகத் தனியார் பஸ்ஸில் போய் வருகிறேனே... டிரைவர்கள் போடும் சோகப் பாட்டைக் கேட்டே பாதித் தமிழ் கற்றவன். விடுவேனா?

ஒரு பழைய பாட்டில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டேன். 'வாசலில் உன் செருப்பில்லை, வீடு முழுக்க உன் நடை.'

"பாருங்க, இதுல கண்ணீர் இல்ல, நிலா இல்ல. செருப்பு இருக்கு! அதுவும் இல்லாத செருப்பு. பிரிவைச் சொல்ல இந்தக் கவிஞருக்கு அது போதுமா இருந்திருக்கு. ஒவ்வொரு சொல்லையும் யோசிச்சு வெச்சிருக்காரு" என்று அரைமணி நேரம் அந்த வரியைப் பிரித்து மேய்ந்தேன். கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் ஜமால் பாய் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். லப்பைக்குடிக்காட்டுக்காரர். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பேக் கடை வைத்திருக்கிறார். நான் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் ஸ்டூல் போட்டு உட்கார வைப்பவர். போன வருஷம் மனைவியை இழந்தவர்.

"சார், கொஞ்சம் நம்ம கடைக்கு வாங்க. ஒண்ணு கேக்கணும்."

"என்னங்க பாய், கடனா கேக்கப் போறீங்க?"

"உங்ககிட்ட போயி கடன் கேப்பனா? அர்த்தம் கேக்கணும் சார்... அர்த்தம்."

கடையில் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, முன்பு வேலை பார்த்த சார்ஜாவிலிருந்து கொண்டுவந்த டூ-இன்-ஒன் டேப்ரெக்கார்டரை மேஜைமேல் வைத்தார். அதற்குள் ஒரு கேசட்.

இப்போது எல்லார் கையிலும் செல்போன். அப்போது அப்படியா? லப்பைக்குடிக்காட்டில் பாதி வீடுகளில் ஆம்பிளைகள் வளைகுடாவில். எழுத வராத பெண்கள் கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊரிலிருந்து போகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார்கள். அங்கே ரூமில் வரிசையாகப் படுத்துக்கொண்டு அதைக் கேட்பார்கள். ஒருத்தன் பெண்டாட்டி பேசுவதை எட்டுப் பேர் கேட்டால்தான் என்ன... எல்லாருக்கும் ஒரே ஊர் வாசனை!

பாய் பட்டனை அழுத்தினார். அவர் மனைவியின் குரல்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான். நாங்க எல்லாம் நல்லாருக்கோம். மாமிக்குத்தான் மூட்டுவலி. சின்னவளுக்குப் பல்லு மொளைச்சிருச்சு, எங்க கையையே கடிக்கிறா. மோட்டரு மறுபடி ரிப்பேரு. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க. சரி மச்சான், ஒடம்பப் பாத்துக்குங்க..."

'டக்' என்று ஒரு சத்தம். உடனே ஓர் ஆண் குரல் உரக்கப் பாடியது: "...லில் உன் செருப்பில்லை, வீடு முழுக்க உன் நடை."

நான் அரைமணி நேரம் பேசிய அதே வரி! நிமிர்ந்து பாயைப் பார்த்தேன்.

"இதக் கேட்டதும் ரூம்ல கூத்தாயிருச்சு சார். 'என்னா ஜமாலு, பொண்டாட்டி லவ் பெயிலியர் பாட்டு அனுப்பறா? ஊர்ல என்னா நடக்குதோ!'ன்னு ஓட்டறானுவ. எனக்கு மட்டும் சுருக்குன்னுச்சு. நம்ம செருப்பு வாசல்ல இல்லேங்கறா... வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டுப் பாட்டா வெச்சிருக்கான்னு நெனச்சேன். அன்னிக்குத்தான் கம்பெனில காண்ட்ராக்ட்ட நீட்டிக்கக் கையெழுத்துப் போடச் சொல்றான். மாட்டேன்னுட்டு ஊரு வந்து சேந்துட்டேன்."

"அவங்ககிட்ட கேக்கலியா பாய்?"

"கேட்டு, இல்லேன்னு சொல்லிட்டா? அதான் கேக்கவே இல்ல. இப்ப அவளும் இல்ல. நீங்க சொல்லுங்க சார். ஒவ்வொரு சொல்லையும் யோசிச்சு வெச்சதுன்னு சொன்னீங்கல்ல... அவ யோசிச்சுத்தான் வெச்சாளா?"

கடைக்கு வெளியே திருச்சி, திருச்சி என்று ஒரு கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். பாயின் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குக் கேட்டதுமே புரிந்துவிட்டது. மனைவி விரும்பிப் பாட்டு வைத்திருந்தால் முதலிலிருந்தல்லவா வைத்திருப்பார்? 'வாசலில்' என்ற சொல்லே பாதியில்தான் தொடங்குகிறது. வீட்டில் கிடந்த யாரோ ஒருவரின் பாட்டு கேசட். அதன்மேல் அந்தம்மா பேசியிருக்கிறார். பேச்சு நின்ற இடத்தில் அழியாமல் மிச்சமிருந்த பாட்டு தலைநீட்டுகிறது. அவ்வளவுதான்.

இதைச் சொல்வதா? 'யதார்த்தவாதி வெகுஜன விரோதி' என்பார்கள். ஒரு பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறினால் என்ன குறைந்துவிடும்? ஆனால் இத்தனை வருஷம் கேட்கப் பயந்த மனுஷன், இன்றைக்குத் துணிந்து கேட்கிறார். அவரிடம் போய்ப் பொய்யா?

"பாய்... பாட்டு அவங்க வெச்சதில்ல. கேசட்டுல முன்னாடியே இருந்தது. அவங்க பேசினது போக மிச்சம்."

பாய் மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்தார். சொல்லியிருக்கக் கூடாதோ?

"அப்ப நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டுத்தான் ஓடி வந்தேனா?"

"ஆமா பாய்."

சட்டென்று சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்! நல்லவேள சார். சரியாப் புரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு வருசம், இன்னும் ரெண்டு வருசம்னு அங்கயே கெடந்திருப்பேன். அவ மவுத்தாயி அடக்கம் பண்ணத்தான் வந்து நின்னுருப்பேன். அவ கையால தெனமும் சோறு தின்னனே சார்... சண்ட போட்டனே... அதெல்லாம் இந்தத் தப்பு குடுத்ததுதானே?"

'காதால் கேட்பதும் பொய்' என்று சொல்லி வைத்த பெரியவர்கள், அந்தப் பொய்யால் ஒருவருக்கு வாழ்க்கை கிடைக்கும் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்களே!

பாய் கேசட்டைப் பின்னால் ஓட்டி, மறுபடி அந்தம்மாவைப் பேசவிட்டார். மாமிக்கு மூட்டுவலி. சின்னவளுக்குப் பல். அந்தச் சின்னவளுக்கே இப்போது ஒரு குழந்தை. நான் எழுந்து அரியலூர் பஸ்ஸைப் பிடித்தேன். ஜன்னலோர சீட்டு. பக்கத்தில் ஆளில்லை. இறங்கினால் வீட்டிலும் ஆளில்லை. டிரைவர் ஏதோ ஒரு சோகப் பாட்டைப் போட்டிருந்தார். வரிக்கு வரி அர்த்தம் புரிந்தது.

அதைப் பாய் மாதிரித் தப்பாகப் புரிந்துகொண்டு வீட்டுக்கு ஓடவும் எனக்கு ஒருத்தர் வேண்டுமே!