மகளுக்கு வாங்கிக் கொடுத்த நிமிடங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் தன் ஜெர்சியைத் தானே தோய்த்து, உலரவைத்து, மடித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். நீல நிறம். முதுகில் பதினொன்று.

எங்கள் வீட்டில் ஆரணி தானாக உடுப்புத் தோய்த்தால் அது செய்தி. என்ன விசேஷம் என்று கேட்டேன்.

“சீசன் முடிஞ்சுது. நாளைக்குக் கொலிஜில திருப்பிக் குடுக்கவேணும்.”

“பேந்து ஓகஸ்டில திரும்பத் தருவினம்தானே?”

“வேற ஆருக்கும் குடுப்பினம். நான் அடுத்த வருசம் விளையாடேல்லை அப்பா.”

சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாள். கதவை அறைந்து சாத்தவில்லை. அறைந்து சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் கூடைப்பந்துப் பைத்தியம் தெரியும். ஆரணி கல்லூரி அணிக்குத் தெரிவானபோது இங்கே பக்கம் பக்கமாக எழுதி உங்களை அறுத்தவன் நான். ஆகவே அந்தச் சீசன் எப்படி முடிந்தது என்று சொல்லும் கடமையும் எனக்கு உண்டு. சொல்ல விருப்பமில்லை. ஆனாலும்...

கதை கூடைப்பந்தில் தொடங்கவில்லை. ஃபுட்போலில் தொடங்குகிறது.

உதைபந்தாட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். இது தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஆளை ஆள் மோதி விழுத்தும் ஃபுட்போல். செப்டெம்பரில் கூடைப்பந்து இன்னும் தொடங்கியிருக்காது. ஃபுட்போல் ஆட்டங்களின்போது கூடைப்பந்துப் பெண்கள்தான் மைதான ஓரத்தில் ஹொட் டோக் விற்பார்கள். நான் கியூபெக்கில், கர்க்லாண்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஆரணியைக் கொண்டுபோய் இறக்கிவிடுவேன். இறக்கிவிட்டுத் திரும்பி வருவானேன், பெற்றோல் வீண்தானே என்று படிக்கட்டு ஆசனத்தில் குந்திவிடுவேன். அப்படித்தான் ரசிகனானேன்.

எப்படிப்பட்ட அணிக்கு? எட்டு ஆட்டத்தில் ஏழில் தோற்ற அணிக்கு.

எனக்குப் பக்கத்தில் எப்போதும் மிஷெல் என்றொரு மனிதர் இருப்பார். கியூபெக்காரர், குழாய் வேலை செய்பவர். மகன் அணியின் முன்வரிசையில் நிற்கிறான். அவனுடைய வேலை எதிரே வருபவனைத் தடுத்து நிறுத்துவது மட்டும்தான். பந்து அவன் கைக்கு வருவதே இல்லை. அப்பா மழையிலும் வருகிறார், ஒக்டோபர் குளிர் அலுமினியப் பலகையிலிருந்து முதுகுத்தண்டுக்கு ஏறும்போதும் வருகிறார்.

ஒருநாள் நான் கேட்டேவிட்டேன்... ஏன் உங்கள் மகனைப் பந்து கைக்கு வரும் இடத்தில் விளையாட விடச்சொல்லி நீங்கள் கோச்சிடம் கேட்கக்கூடாது?

அவர் என்னை ஏதோ கோயிலுக்குள் செருப்போடு வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “முசியே, கோச்சோடு பிள்ளையின் இடத்தைப் பற்றிக் கதைக்கிறதில்லை. நடுவரைத் திட்டலாம். அது எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். கோச்சோடு மட்டும் கதைக்கக்கூடாது. நீங்கள் கடிதத்தில் கையெழுத்து வைக்கவில்லையா?”

வைத்திருந்தேன். ஆரணி அணிக்குத் தெரிவானதும் பெற்றோருக்கு ஒரு கடிதம் வந்தது. இரண்டு பக்கம், பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். நம்மவர்கள் பள்ளிக்கூடத்துக் கடிதங்களை எப்படிப் படிப்போம்? கடைசிப் பக்கத்தைத் திருப்பி, “எங்கை சைன் வைக்கிறது?” என்று கேட்போம். அவ்வளவுதான் படிப்பு.

நவம்பரில் கூடைப்பந்து தொடங்கியது.

முதல் ஆட்டத்தில் ஆரணி இரண்டு நிமிடம் விளையாடினாள். இரண்டாவதில் மூன்று. மூன்றாவதில் இறக்கவே இல்லை, ஓரத்து வாங்கிலேயே இருந்தாள். ஃபோனில் ஸ்டொப்வோட்ச் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான், அதனால் கணக்குப் பிழையில்லை.

இவள் எப்படிப் பழகியவள் தெரியுமா? மூன்று மாரி காலமும் கராஜ் வாசலில் பனியைத் தானே வழித்துக் கொட்டிவிட்டு, கையுறையோடு கூடைக்கு எறிந்து பழகியவள். நானும் மனைவியும் பனி வழிக்கக் கூப்பிட்டால் தலையிடிக்கும். பந்துக்கென்றால் இடிக்காது. அந்தப் பிள்ளை வாங்கில் இருந்து, விளையாடி வந்தவர்களுக்குத் துவாய் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் அப்பன் மனது என்ன பாடுபடும்?

என்னைக் கேட்டால் இதற்கு மருந்து ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரிந்த மருந்து. சேரை, அதாவது வாத்தியாரை, போய்க் கண்டு ஒரு சொல் சொல்லிவைப்பது.

என் அப்பா எனக்காகக் கணக்குச் சேரிடம் சொல்லிவைத்தார். என் மாமா தன் மகனுக்காகக் கிரிக்கெட் மாஸ்டரிடம் சொல்லிவைத்தார். லஞ்சம் என்றெல்லாம் யாரும் நினைப்பதில்லை. “பிள்ளையை ஒருக்காக் கவனிச்சுக்கொள்ளுங்கோ” என்ற ஒரு வரிதான். வெறுங்கையோடு போகக்கூடாது, அதனால் ஒரு சீப்பு வாழைப்பழம், அல்லது வீட்டில் சுட்ட பலகாரம். சொல்லிவைக்காத பிள்ளை யாருமில்லாத பிள்ளை என்றுதானே அர்த்தம்?

மனைவியிடம் ரீமில் இருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் என்று சொல்லி முப்பது மட்டன் ரோல்ஸ் செய்வித்தேன். அடுத்த சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும், ட்ரேயைக் கையில் ஏந்திக்கொண்டு கோச்சின் அறை வாசலில் போய் நின்றேன். கோச் முப்பது வயது மதிக்கத்தக்க பெண். என் பிரெஞ்சை முதல்நாளே கண்ணாடி முன்னால் சொல்லிப் பழகியிருந்தேன். மகள் நன்றாகப் பிரயாசைப்படுகிறாள், கொஞ்சம் கவனியுங்கள், மெர்சி.

அவர் ட்ரேயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை.

“நன்றி முசியே. இதை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுப்பேன். ஆனால் ஆரணியின் நிமிடங்களைப் பற்றி நான் ஆரணியோடுதான் கதைப்பேன். நீங்கள் வந்ததையும் அவளுக்குச் சொல்லுவேன். எங்கள் விதி அது.”

எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. விளங்கியும் நான் சந்தோஷமாகத் திரும்பினேன். ஏனென்றால், ஊரில் சேர்மாரும் முதலில் இப்படித்தான் சொல்வார்கள். “சீச்சீ, அப்பிடியெல்லாம் பாக்கமாட்டன்” என்பார்கள். பிறகு பார்ப்பார்கள்.

காரில் ஆரணி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தாள்.

“கோச்சோட கதைச்சனீங்களோ?”

“சும்மா... ரோல்ஸ் குடுக்கப் போனனான்.”

“ஓ மை கோட், அப்பா.”

வீட்டுக்கு வந்ததும் மனைவிக்கும் விஷயம் தெரிந்தது. “உங்களுக்கென்ன விசரே? ரீமுக்கு எண்டெல்லோ சொன்னனீங்கள்!” என்று அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். பலன் தெரியட்டும், பிறகு பார்ப்போம் என்று மனதுக்குள் ஒரு திமிர்.

பலன் தெரிந்தது. அதுதான் இந்தக் கதையின் கேடு.

அந்தக் கிழமை பயிற்சியில் ஆரணியின் இடத்தில் ஆடும் முன்னணி ஆட்டக்காரி கணுக்காலைப் பிரட்டிக்கொண்டாள். அடுத்த ஆட்டத்தில் ஆரணி பதினொரு நிமிடம் ஆடினாள். நான் ஸ்டொப்வோட்ச்சைத் தட்டிப் பார்த்தேன், நின்றுவிட்டதோ என்று. அதற்கடுத்த ஆட்டத்தில் பதின்மூன்று. ஜனவரியில் கணுக்கால்காரி சுகமாகித் திரும்பி வந்த பிறகும் ஆரணியின் நேரம் குறையவில்லை. பதினைந்தாகக் கூடியது. ஆரணி வீட்டில் பாட்டு முணுமுணுக்கத் தொடங்கினாள். ரோல்ஸ் விஷயத்தை மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அந்த மாதம் ஒரு ஞாயிறு. ரொரன்ரோவிலிருந்து பெரியண்ணை ஃபோன் எடுத்தார். நான் சமையலறையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கை எல்லாம் செதில், ஃபோனை ஸ்பீக்கரில் போட்டேன்.

“என்னடா, பெட்டையை இப்ப நல்லா விளையாட விடுறாங்களாம்?” என்றார் அண்ணை.

“விடாமல்? ஒரு சொல் சொல்லிவைச்சாத்தான் அண்ணை அலுவல் நடக்கும். எந்த நாடெண்டாலும் ஆக்கள் ஆக்கள்தான். நான் போய்க் கதைச்சன். அடுத்த கிழமையே இறக்கிவிட்டினம். பாத்தீங்களே?”

தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மா சொன்னதில்லை. திரும்பிப் பார்த்தால் படியில் ஆரணி. கையில் பந்து.

அவள் கத்தவில்லை. அன்று சாப்பிடும்போது மட்டும் சொன்னாள். “அப்பா, இனி மட்ச்சுக்கு வராதேங்கோ. ப்ளீஸ். கொண்டுவந்து இறக்கிவிடுங்கோ. உள்ளுக்கு வராதேங்கோ.”

பெப்ரவரி முழுக்க நான் கல்லூரியின் பார்க்கிங் லொட்டில் இருந்துதான் கூடைப்பந்து ரசித்தேன். கல்லூரி ஆட்டங்களை இணையத்தில் நேரடியாகக் காட்டுவார்கள். நேரடி என்று பெயர், ஆனால் அரை நிமிடம் பிந்தித்தான் வரும். காருக்குள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு ஃபோனைப் பார்த்திருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் ‘ஓ’வென்று ஆரவாரம் கேட்கும். என் ஃபோனில் அப்போதுதான் யாரோ பந்தைத் தட்டிக்கொண்டு வருவார்கள். கூடை விழுந்ததா, எதிரணி அடித்ததா, என் பிள்ளைதான் விழுந்துவிட்டாளா... அரை நிமிடம் தவிக்கவேண்டும். மேலே பனி, கண்ணாடி முழுக்கப் புகார் மூட்டம். என்னைத் தாண்டிப் போகும் பெற்றோர் சிலர் கையசைப்பார்கள். ஃபோனில் முக்கியமான அலுவல் இருப்பதுபோல நானும் அசைப்பேன்.

சீசனின் கடைசி ஆட்டம் மார்ச் தொடக்கத்தில் வந்தது. வென்றால் அடுத்த சுற்று, தோற்றால் வீடு. ஆரணி இருபத்திரண்டு நிமிடம் ஆடினாள். பதினான்கு புள்ளி எடுத்தாள். இந்தச் சீசனில் அவளுடைய ஆகக்கூடிய புள்ளி அதுதான். காருக்குள் தனியே கைதட்டும் மனிதனை நீங்கள் பார்த்ததுண்டா? நல்லவேளை, பார்க்கவில்லை.

ஒன்றை மட்டும் அன்று கவனித்தேன். ஒவ்வொரு கூடை போட்ட பிறகும் மற்றப் பெண்கள் வந்து அவள் கையில் தட்டினார்கள். அவளோ ஒவ்வொரு தடவையும் திரும்பிக் கோச்சின் முகத்தைப் பார்த்தாள். பாராட்டுக்காக என்று நினைத்தேன்.

நான்கு புள்ளியில் தோற்றோம்.

அதற்குப் பிறகுதான் அந்த ஞாயிறும், மேசையில் மடித்து வைத்த ஜெர்சியும்.

திங்கட்கிழமை வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு நானே அவளைக் கல்லூரிக்கு ஏற்றிக்கொண்டு போனேன். நாற்பதாம் நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசல். ஓடவும் முடியாது, இறங்கவும் முடியாது. கேட்டேன்.

“என்னோட கோவமெண்டால் என்னோட கோவி பிள்ளை. விளையாட்டை ஏன் விடுறாய்?”

“கோவம் இல்லை. கோவம் எப்பவோ போட்டுது. அப்பா, எனக்குத் தந்த அந்த நிமிசங்கள் என்ர விளையாட்டுக்குத் தந்ததோ, உங்கட கதைக்குத் தந்ததோ?”

“உன்ர விளையாட்டுக்குத்தான். வேற என்னத்துக்கு?”

“பெரியப்பாக்கு நீங்கள் அப்பிடிச் சொல்லேல்லையே.”

“அது... நான் சும்மா வாய்ப்பந்தல் போட்டது.”

“எது சும்மா? அண்டைக்குச் சொன்னதோ, இப்ப சொல்லுறதோ?”

முன்னால் லொறி. பின்னால் லொறி.

“கோச்சிட்டக் கேட்டுப் பார்க்கலாம்தானே?” என்றேன்.

“கேட்டனான். நல்லா விளையாடினாய், அதாலதான் எண்டு சொன்னவ. வேற என்ன சொல்லுவா? உங்கட அப்பா வந்து கேட்டவர், பாவம் எண்டு விட்டனான் எண்டோ?” முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். “பதினாலு பொயின்ற் எடுத்தனான் அப்பா. நான் நல்லா விளையாடுறனோ எண்டு எனக்கே தெரியேல்லை. ஒவ்வொருக்காலும் அதையே யோசிச்சுக்கொண்டு ஓட ஏலாது.”

அவள் பெரும்பாலும் வாங்கில் இருந்த முதல் மூன்று ஆட்டத்திலும் அவளுக்கு ஒன்று நிச்சயமாகத் தெரிந்திருந்தது: இன்னும் பழகவேண்டும், பழகினால் இறங்கலாம். நான் போய்க் கதைத்து அந்த நிச்சயத்தைப் பறித்துவிட்டேன். கோச் ஒரு நிமிடமும் எனக்காகத் தரவில்லை என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அதை என் வாயால் சொன்னால் நம்புவதற்கு வீட்டில் ஆளில்லை. நம்பாமல் இருப்பதற்கு அவளுக்கு நல்ல காரணமும் இருக்கிறது.

கல்லூரி வாசலில் இறங்கினாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். பத்து நிமிடத்தில் வெறும் பையோடு திரும்பி வந்து ஏறினாள். கண் சிவந்திருந்தது. உள்ளே போய்க் கோச்சைக் கண்டு, இவளை விட்டுவிடாதேங்கோ என்று கும்பிடவேண்டும்போல எனக்கு இருந்தது. கை கார்க் கதவின் பிடியில்தான் இருந்தது.

கையை எடுத்து ஸ்ரியரிங்கில் வைத்தேன். வீடு வரும்வரை ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நவம்பரில் செய்திருக்கவேண்டிய வேலை.