வயலில் நடந்த ஒத்திகை

எங்கள் மலைக்கிராமமான கவுஞ்சியில் நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம் எனக்கு டீச்சராக வந்தவர் என் சித்தி. வீட்டில் என் தட்டு அப்பளத்தைப் பிடுங்கித் தின்பவர், பள்ளியில் என்னை யாரென்றே தெரியாதவர் மாதிரி நடந்துகொள்வார். அது என் மனக்குறை. அவர் கவலை வேறு. வேலை தற்காலிகம்தான். கொடைக்கானலிலிருந்து ஆய்வாளர் வந்து, பாடம் நடத்துவதைப் பார்த்து நல்லபடியாக எழுதினால்தான் நிலைக்கும்.

சித்திக்குப் பாடமெல்லாம் அத்துப்படி. குரல்தான் பாதி வாக்கியத்திலேயே உள்ளே போய்விடும். அதனால் ஆய்வுக்கு முந்தைய வாரம் முழுக்க எங்கள் உருளைக்கிழங்கு வயலில் ஒத்திகை பார்த்தார். மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் வயல் அது. கீழ்ப்படியில் அவர் நிற்பார். நாலு படி மேலே, முப்பது பிள்ளைகளுக்கும் சேர்த்து நான் ஒருத்தி உட்கார்ந்திருப்பேன்.

"வெள்ளனே எந்திரிச்சுட்டோம்னு தூங்கிறாத பாப்பா. சத்தம் கேக்கலைன்னா கையத் தூக்கு."

தூக்கினேன். தோள் வலிக்கத் தூக்கினேன். பெரியவர் ஒருவரை நிறுத்தித் திரும்பச் சொல்ல வைப்பது எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது. கேள்வி கேட்ட கையோடு தானே பதில் சொல்லிவிடும் அவசரம் சித்திக்கு உண்டு. அதை அடக்க, கேட்டுவிட்டு மூன்று மூச்சு காத்திருந்து பழகினார். "மழைத் தண்ணி எங்கேருந்து வருது?" என்று கேட்டுவிட்டு அவர் காத்திருந்தபோது, பக்கத்து வயலில் களையெடுத்த அக்கா, "மேலேருந்துதாங்க டீச்சர்" என்றார்.

வாரக் கடைசியில் என் கைக்கு வேலையே இல்லை. சித்தி என்னைத் தூக்கிச் சுற்றினார்.

ஆய்வன்று நான் கடைசி வரிசையில் ஒரு கோடி, ஆய்வாளர் மறுகோடி. பாடம் பாதியில் இருக்கும்போது தகரக் கூரையில் சாரல் சடசடவென்று விழுந்தது. பயத்தில் சித்தி ஆய்வாளர் பக்கம் திரும்பவே இல்லை. என் கையை மட்டும் பார்த்துக்கொண்டார். கை மடியிலேயே இருந்தது. நிம்மதியாகப் பாடத்தை முடித்தார்.

குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை என்று ஆய்வாளர் எழுதிவிட்டார். அடுத்த வருடத்துக்கு வேறு டீச்சர் வருவதாகப் பேசிக்கொண்டார்கள்.

"உனக்குக் கேட்டுச்சுல்ல பாப்பா?" என்றார் சித்தி.

"ஒண்ணு விடாமக் கேட்டுச்சு சித்தி." நிரூபிக்க வேண்டாமா? முழுப் பாடத்தையும், மூன்று மூச்சு இடைவெளிகளோடு ஒப்பித்தேன்.

சித்தி கடைசிவரை கேட்டார். "எப்ப பாப்பா மனப்பாடம் ஆச்சு?"

"வயல்லயேதான்."

அவர் என் தலையைத் தடவிவிட்டு அடுப்படிக்குப் போனார். எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. அந்த ஆய்வாளருக்குக் காது மந்தம் என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். வீட்டுக்கு வந்தவர்களிடமும் சொன்னேன்.

பூண்டு உரித்துக்கொண்டிருந்த சித்தி நிமிரவில்லை. "ஆமாங்க, பாவம், வயசானவரு" என்றார்.