காலித் தட்டு

செம்பாக்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், எதைச் சொல்வதற்கு முன்னும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். மதில் தகராறில் அப்பா அவர்மேல் போலீசில் புகார் கொடுத்தபோதும், இன்ஸ்பெக்டர் எதிரில் அப்படித்தான் துடைத்துக்கொண்டு நின்றாராம்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் காலையில் எங்கள் கேட் திறந்தது. அவர்தான். கையில் கேக்கும் முறுக்கும் வைத்த தட்டு. அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். கடைசியில் அம்மா குறுக்கே புகுந்து தட்டை வாங்கிக்கொண்டாள். வெறும் தட்டைத் திருப்பித் தருவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. பலகாரத்தை எடுத்துவிட்டு, அவசரமாகச் சர்க்கரையைக் கொட்டி நீட்டினாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அப்பாவின் முஷ்டி இறுகியது.

"சர்க்கரை வேணாம்மா, காலியாவே குடுங்க. நாங்க இன்னாத்தக் குடுத்து ஏசுவ வாங்கினோம்? அவரு சும்மாதான வந்தாரு. இன்னிக்கு பதிலுக்கு எதுவும் வேணாம்."

"இதுக்காக கேஸை வாபஸ் வாங்குவேன்னு நெனைக்காதீங்க" என்றார் அப்பா.

"நான் கேக்கலியே சார்."

அப்பா வாபஸ் வாங்கவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்கும் தட்டு வந்தது. அம்மா அதைக் கழுவித் துடைத்து, வெறுமையாகவே நீட்டினாள்.