ஹெஸ்டரின் மகன் வாய் திறக்காமல் பாடிய பாட்டு

என் நண்பன் தியூனிஸ் எழுதியவற்றில் ஒரே ஒரு பாட்டுதான் எங்கள் ஊரின் தூக்கத்தைக் கெடுத்தது. பிள்ளைகளை எல்லைப் போருக்கு அனுப்பிவிட்டு, ஆட்டு ரோமத்துக்கு விலை பேசிக்கொண்டிருக்கும் அப்பாக்களைப் பற்றிய ஆஃப்ரிகான்ஸ் மொழிப் பாட்டு. கட்டாய ராணுவத்தில் இரண்டு வருடம் அங்கோலா எல்லையில் கிடந்து திரும்பியவன் எழுதியது. வானொலி நிலையத்தில் யாரும் தவறிப்போய்க்கூட ஒலிபரப்பிவிடாதபடி இசைத்தட்டை ஆணியால் கீறி வைத்தார்கள். கேசட்டைக் கீற முடியவில்லை. அது கைமாறிக் கைமாறி எங்கள் காரூ வறண்ட சமவெளி முழுக்கப் போனது.

வார்த்தைகளையாவது மன்னித்திருப்பார்கள். வினை ராகத்தில் இருந்தது. அவன் வளர்ந்த வீட்டில் தேவாலய இசை தவிர வேறெதுவும் கேட்டதில்லை. அம்மா ஹெஸ்டர் ஞாயிறுதோறும் தேவாலய ஆர்கனில் வாசித்த ஞானப்பாட்டு ஒன்றின் ராகத்திலேயே தன் வார்த்தைகளை ஏற்றிவிட்டான்.

திருவிருந்துக்கு முந்தைய வாரம் சபை மூப்பர்கள் வீடு வீடாக வருவது வழக்கம். அந்த முறை ஹெஸ்டர் வீட்டில் மட்டும் அதிக நேரம் உட்கார்ந்தார்கள். நானும் இருந்தேன், தியூனிஸுக்கு பேஸ் கிதார் வாசிப்பவன் என்பதால் என்னையும் எழுந்து போகவிடவில்லை. கறுப்புக் கோட்டு, வெள்ளை டையில் மூப்பர் லோரன்ஸ், ரஸ்கைக் காப்பியில் முக்கி, கரைந்து விழுவதற்குள் வாயில் போட்டுக்கொண்டார்.

"ஏம்ப்பா, ஊர்ல முடி வெட்டுறவன் செத்துட்டானா?"

"ராணுவத்துல இலவசமா வெட்டிவிட்டாங்க மாமா. அதோட ஆசை விட்டுப்போச்சு," என்றான் தியூனிஸ்.

லோரன்ஸ் சிரிக்கவில்லை. "போன ஞாயித்துக்கிழமை உங்கம்மா அந்த ஞானப்பாட்டை ஆரம்பிச்சதும் பின்வரிசைப் பசங்க உன் வார்த்தைய முணுமுணுக்கிறானுங்க. ஆண்டவர் வீட்டுல. இனிமே நீ உன் பாட்டை எங்கயும் பாடக்கூடாது. பாடினா உங்கம்மாகிட்ட இருக்கிற ஆர்கன் சாவிய வாங்கிக்குவோம்."

"நான் பாடுறதுக்கு அம்மா என்ன பண்ணுவாங்க?"

"ராகம் உனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

ஹெஸ்டர் எல்லாருக்கும் மறுபடி காப்பி ஊற்றினார். ரயில்வேக்காரக் கணவர் இறந்த பிறகு அவருக்கென்று இருந்தது அந்த ஆர்கன்தான். வீட்டில் பியானோகூடக் கிடையாது. தியூனிஸ் அம்மாவின் கையைப் பார்த்தான். "பாட மாட்டேன் மாமா," என்றான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பக்கத்து ஊர் மண்டபத்தில் நிகழ்ச்சி. மொட்டைத் தலையோடு விடுப்பில் வந்த ராணுவப் பையன்கள் பாதிக் கூட்டம். மற்ற பாட்டெல்லாம் முடிந்தும் யாரும் போகவில்லை.

"அதைப் பாடுண்ணே," என்றான் ஒருவன். "திங்கக்கிழமை நான் திரும்பிப் போவணும்."

நான் தலையை ஆட்டித் தடுத்தேன். தியூனிஸ் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கிதாரில் ராகத்தை மட்டும் வாசித்தான். வார்த்தைகளை மண்டபம் பாடியது. அவன் கடைசிவரை வாய் திறக்கவில்லை. வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்று வண்டியில் வரும்போது நிம்மதியாகக்கூடப் பேசிக்கொண்டோம்.

எங்கள் பக்கத்தில் பல வீடுகளுக்கு ஒரே தொலைபேசிக் கம்பி. யார் யாரிடம் பேசினாலும் மற்ற வீடுகள் எடுத்துக் கேட்கும். மண்டபத்தில் நடந்தது இரவோடிரவாக லோரன்ஸ் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை நாங்கள் போனபோது ஆர்கன் சாவி வீட்டில் இல்லை. லோரன்ஸ் வந்து வாங்கிப் போயிருந்தார்.

"நான் வாயே திறக்கலம்மா. இவனைக் கேளுங்க."

"நானும் இருபது வருஷமா வாயத் திறக்காமத்தான் வாசிக்கிறேன்," என்றார் ஹெஸ்டர். "அப்ப நான் பாடலயா?"

தியூனிஸ் சாவி மாட்டியிருந்த வெற்று ஆணியைப் பார்த்தான்.

"பாடுறதுன்னா பாடியிருக்கணும்டா. சாவி போனாலும் ஒரு முழுப் பாட்டுக்காகப் போனதா இருந்திருக்கும்," என்றார் ஹெஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை ஹெஸ்டர் முதல்முறையாகச் சபையோடு பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் தியூனிஸ், மறுபக்கம் நான். ஆர்கனில் பள்ளி ஆசிரியை ஒருத்தி. எல்லாரும் பாட, ஹெஸ்டரின் உதடு அசையவில்லை. பெஞ்சுக்கு அடியில் அவர் பாதங்கள் மட்டும், அங்கே இல்லாத ஆர்கன் மிதிகட்டைகளைத் தேடி, இடமும் வலமுமாக நகர்ந்துகொண்டிருந்தன. தியூனிஸ் அதைப் பார்த்துவிட்டான். பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, ஆராதனை முடியும்வரை தலையைத் தூக்கவில்லை.